கதை கேட்பதும் கதைப்பதும்: அகதி, வாக்குமூலம், பட்டறை

1

“கதை சொல்ல எனக்குத் தெரியாது தம்பி. கதைக்கலாம். அதுவும் நீங்களும் கதைச்சால்தான்.”

2010 மே மாதம் அண்ணனூரில் ஒரு ட்யூஷன் சென்டர் மாடியில் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. கோடை விடுமுறை என்பதால் மாடி காலியாகக் கிடந்தது. வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் நண்பர். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் பாய் விரித்திருந்தோம். வந்திருந்தவர்கள் இருபது பேருக்குக் கொஞ்சம் அதிகம். பாதிப்பேர் புழல் காவாங்கரை முகாமிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள். மீதிப்பேர் ‘வெளிப்பதிவு’க்காரர்கள். அதாவது முகாமில் இல்லாமல், போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வாடகை வீடுகளில் இருப்பவர்கள். முகாமுக்குள்ளேயே நடத்துவதென்றால் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால்தான் அண்ணனூர். மின்சார ரயில்கள் ராத்திரி வந்து படுக்கிற ஷெட் இருக்கிற ஊர் என்பதற்கு மேல் எங்கள் ஊருக்கு வரலாற்றில் பெரிய இடம் ஏதும் கிடையாது.

நாங்கள் நடத்தியதற்குப் பெயர் ‘கலைப் பட்டறை’. படம் வரைவது, பாடுவது, நடித்துக் காட்டுவது ஆகியவற்றின் வழியாக அகதிகள் ‘தங்கள் கதைகளைத் தாங்களே சொல்ல’ உதவுவது நோக்கம் என்று நோட்டீசில் போட்டிருந்தோம். டீக்கும் சார்ட் பேப்பருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுத்தது. நாங்கள் நாலு பேர். எனக்கு நடிக்கவும் வராது, வரையவும் வராது. ஆகவே நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். “உங்க கதையச் சொல்லுங்கம்மா” என்று நான் ஆரம்பித்தபோதுதான் அந்தப் பதில் வந்தது.

வட்டார வழக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டேன். அதற்குள் ஒரு விமர்சனம் இருந்தது என்பது பிந்தித்தான் உறைத்தது. ஈழத் தமிழில் கதைத்தல் என்றால் பேசுதல். நம்மூரில் ‘கதை விடுறான்’ என்றால் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். ‘உன் கதையைச் சொல்லு’ என்று கேட்டால் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார். கதைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் வாய் திறக்க வேண்டும். என்னிடம் இருந்தது காது மட்டும்தான். போதாததற்குக் கையில் பேனா வேறு.

அகதிகளுக்குக் குரல் இல்லை, நாம்தான் அவர்களுக்குக் குரல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இப்படிப்பட்ட பட்டறைகளை நடத்துகிற எல்லோருடைய தொடக்க நம்பிக்கை. இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைச் சந்தேகிக்கிறது. என் வாதம் இதுதான்: தமிழ்நாட்டில் ஈழ அகதியைப் போலத் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கப்பட்டவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. அவர்களிடம் போய் ‘கதை சொல்லுங்கள்’ என்று கேட்கிற கலைஞன், தனக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டவர்களின் வரிசையில் போய் நிற்கிறான். அந்த வரிசையைத் தெரிந்துகொள்ளாமல் பட்டறை நடத்துவது ஆபத்து.

2

யாரெல்லாம் கேட்டார்கள் என்று பார்ப்போம்.

முதல் கேள்வி மண்டபத்தில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் இராமேசுவரம் கரையில் இறங்கியதும் கொண்டுபோகப்பட்ட இடம் மண்டபம் முகாம். இந்த முகாம் அகதிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தடுத்து நிறுத்தி, நோய் சோதித்து, பதிந்து அனுப்பிய இடம். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி ‘தாயகம் திரும்பியோர்’ ஆகி இதே கரைக்கு வந்தார்கள். போகாமல் தங்கிய மலையகத்தார் வடக்கே வன்னிக்கு நகர்ந்து, பிறகு 1983க்குப் பின் அகதிகளாக இதே மண்டபத்துக்கு வந்தார்கள். மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது: பெயர் என்ன, ஊர் எது, எத்தனை பேர்?

1983 ஜூலை முதல் 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது இந்திய அரசின் கணக்கு. அவர்களில் 99,469 பேர் 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்த மூன்று லட்சம் பேரும் தனித்தனியே ‘கதை’ சொன்னவர்கள். எந்த மாதம் புறப்பட்டாய், யாருடைய படகு, எவ்வளவு கொடுத்தாய், இயக்கத்தில் இருந்தாயா, உன் அண்ணன் இருந்தானா? மண்டபத்தில் சொன்னதையே முகாமில் வருவாய்த் துறையிடம் சொல்ல வேண்டும், கியூ பிரிவுப் போலீசிடம் சொல்ல வேண்டும். மாதந்தோறும் பணக்கொடைக்கு முன்னால் நடக்கிற தணிக்கையில் (முகாம் வழக்கில் ‘செக்கிங்’) ஆள் நேரில் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். தேதி ஒன்று மாறினாலும் சந்தேகம் வரும். இதனால் கதை இறுகிப்போகிறது. எங்கே நிறுத்த வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எந்த இடத்தில் அழலாம் என்பதெல்லாம் பழகிவிடுகிறது. நாம் ‘உண்மை அனுபவம்’ என்று உருகிக் கேட்பது பல தடவை அலுவலக மேசைகளுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கப்பட்ட பிரதி.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்று ஒருவரை வரையறுக்கிற சட்டமும் இங்கே இயற்றப்படவில்லை. 1946இன் அயல்நாட்டவர் சட்டமே 2025இல் புதிய சட்டம் வரும்வரை இவர்களை ஆண்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது. இலங்கை அதில் இல்லை. உரிமை என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாதவருக்கு அவருடைய கதைதான் காகிதம். அதைக் கசங்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர்க் கொலைக்குப் பிறகு இந்தக் கேள்விகளின் தொனியே மாறியது. அந்த வழக்கை நடத்திய தடா சிறப்பு நீதிமன்றம் எங்கள் பக்கத்து ஊரான பூந்தமல்லியில் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று அங்கே தீர்ப்பானது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும் என்றது அது. சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இங்கே செல்லும்! சொல்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர், எழுதியவர் கையில் சொன்னவரின் உயிர். அந்த வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். அதே ஆண்டு நவம்பரில் விடுதலையான இலங்கையைச் சேர்ந்த சாந்தன், திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, ஊர் போய்ச் சேராமலே 2024 பிப்ரவரியில் சென்னையில் இறந்துபோனார். ‘நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்’ என்கிற ஏற்பாட்டின் எல்லை இதுதான். ஒரு வரி விடுபட்டதன் கதை.

ஒப்புதல் வாக்குமூலம் என்பது உள்ளே இருக்கிற உண்மையை வெளியே கொண்டுவருகிற காரியமல்ல, கேட்பவருக்கு அதிகாரத்தை உண்டாக்குகிற சடங்கு என்று ஃபூக்கோ 1976இல் எழுதினார். பாதிரியார், மருத்துவர், நீதிபதி, போலீஸ் என்று அவர் சொல்கிற வரிசையில் தொண்டு நிறுவனத்தையும் கலைஞனையும் சேர்த்துப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

1992இல் திருப்பி அனுப்புதல் தொடங்கியபோது ‘சுயவிருப்பம்’ என்கிற கேள்வி வந்தது. போக விருப்பமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த விருப்பம் உண்மைதானா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. நெடுமாறனும் ராமதாசும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தண்ணீர் நின்று, பள்ளிக்கூடம் நின்று, வெளியே போக அனுமதி நின்று போயிருந்த முகாமில் ஒருவர் ‘ஆம், போகிறேன்’ என்று சொன்னால் அது யாருடைய பேச்சு? ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வியை நாம் மொழிபெயர்த்து வாசித்து விவாதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அது மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் படிவமாக அச்சடிக்கப்பட்டு நடந்துகொண்டிருந்தது.

3

இனி பட்டறைக்கு வருவோம்.

எங்கள் பகுதியில் பட்டறை என்றால் லேத் பட்டறை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன ஷெட்டுகள். கச்சாப் பொருள் உள்ளே போகும், அளவுப்படி கடைந்து வெளியே வரும். நாடகக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது எழுபதுகளின் கடைசியில். 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியோடு சேர்ந்து நடந்த பயிற்சி, அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை ஆகிய மூன்றும் சேர்ந்து தமிழ் நவீன நாடகத்தின் போக்கையே திருப்பின. மேடை, சீன், மைக் எதுவும் இல்லாமல் உடம்பை வைத்தே நாடகம் செய்யலாம், நடிகன் என்று தனிச் சாதி தேவையில்லை என்பது சர்க்காரிடமிருந்து நம்மவர்கள் கற்றது. பின்னால் போவாலின் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ வந்தது. பார்வையாளன் எழுந்து வந்து காட்சியை மாற்றலாம் என்றது அது.

போவால் தானும் ஒரு அகதி என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1971இல் பிரேசில் ராணுவ அரசு அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து நாட்டைவிட்டு வெளியேற்றியது. ஐரோப்பாவுக்குப் போன பிறகு தன் முறையையே மாற்ற வேண்டியிருந்தது அவருக்கு. பிரேசிலில் போலீஸ் தெருவில் நின்றது. பாரீசில் பட்டறைக்கு வந்தவர்களுக்குப் போலீஸ் தலைக்குள் இருந்தது. இந்தத் ‘தலைக்குள் இருக்கிற போலீஸ்’ என்கிற கருத்து அண்ணனூர் மாடிக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம், எங்கள் பட்டறைக்கு வந்தவர்களுக்கு இரண்டு இடத்திலும் போலீஸ்.

ஈழத்திலோ இந்த வேலை நமக்கு முன்பே வேறு தளத்தில் நடந்திருக்கிறது. 1985இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ ஊர் ஊராகப் போனது. ராணுவம் முகாமிலிருந்து வெளியே வருமா வராதா என்கிற பயத்தில் ஆடுகிறவரும் இருந்தார், பார்க்கிறவரும் இருந்தார். பிற்பாடு சண்முகலிங்கம் எழுதிய ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனித்து நிற்கிற முதியவர்களைப் பற்றியது. அகதியாகப் போனவனின் கதையை நாம் கேட்கிறோம். போகாமல் நின்றவர்களின் கதையை அவர் எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். போரைப் பற்றிச் சொல் என்று அங்கே யாரும் பிள்ளையை நெருக்கவில்லை. பூதம், பறவை, ராஜா என்று எதையாவது கட்டட்டும், எப்போது எதைச் சொல்வது என்பது பிள்ளையின் இஷ்டம்.

இந்த முன்மாதிரிகளை நாம் இங்கே இறக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் நாடகம் போட்டவரும் பார்த்தவரும் ஒரே ஷெல்லுக்கு அடியில் இருந்தார்கள். இங்கே நாம் குடிமக்கள், அவர்கள் அகதிகள். நாம் பட்டறை முடிந்து வீட்டுக்குப் போவோம். அவர்கள் செக்கிங்குக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் நமக்கு வேண்டிய ஈழக் கதை ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. சிங்கள ராணுவம், வீரம், துரோகம், கண்ணீர். அதற்குள் அடங்காத கதைகளைக் கேட்க நமக்குப் பொறுமை இல்லை. 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகம ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவர். எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் அகதிகள்தான். அந்தக் கதைக்கு நம் மேடையில் எப்போது இடம் கொடுத்தோம்? சொந்த இயக்கத்துக்குப் பயந்து படகேறியவர் இங்கே வந்து நம்முடைய கைதட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். அவருடைய மௌனத்தில் நமக்கும் பங்கு இருக்கிறது.

4

அண்ணனூரில் ஐந்து நாள் நடந்தது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் பிள்ளைகளுக்குச் சார்ட்டும் கிரேயானும் கொடுத்து ‘உங்க ஊர வரைங்க’ என்றோம். பத்து வயசுப் பையன் ஒருத்தன் என் சட்டையைப் பிடித்திழுத்து, “அங்கிள், ஹெலிகாப்டர் போடணுமா?” என்று கேட்டான். அவன் பிறந்ததே புழலில். ஏரியும் லாரியும் தவிர ஒன்றும் பார்த்திராதவன். இதற்கு முன்னால் யாரோ இதே மாதிரி வந்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஹெலிகாப்டர், பனைமரம், படகு போட்டால் நல்ல படம் என்று பரிசு கிடைத்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் மாடி முழுக்க ஹெலிகாப்டர்கள். புழல் என்றால் சென்னைக்காரனுக்கு ஏரி, 2006க்குப் பிறகு ஜெயில். அதே புழலைத் தன் ஊர் என்று வரைய ஒரு பிள்ளைக்கு எங்கள் பட்டறையில் இடம் இல்லாமல் போயிருந்தது. மறுநாள் ‘நேத்து சாயங்காலம் நீ போன எடத்த வரை’ என்று மாற்றினோம். தண்ணி லாரி வந்தது, டி.வி. வந்தது, ஒரு கோழி வந்தது.

பெரியவர்களில் ஒருவர் பெயிண்டர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்குப் பிழைப்பு இதுதான், பெயிண்டிங். வரையச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் பிள்ளைகளுக்குக் கலர் கலக்கிக் கொடுத்தார். சுவரில் பெயர்ந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பட்டி எப்படிப் பார்க்க வேண்டும், பிரைமர் அடிக்காமல் அடித்தால் ஏன் உரியும் என்றெல்லாம் விளக்கினார். பிறகு ஜன்னல் வழியாகக் காட்டி, “இந்தத் தெருவில மூண்டு வீடு நான் அடிச்சது” என்றார். அந்த வீட்டுக்காரர்களின் குணம், எந்த வீட்டில் குடிக்க டம்ளர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் கொடுக்கவில்லை, சாயங்காலம் எத்தனை மணிக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது என்று ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஐந்து நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த பேச்சு அது. எங்கள் ஊரைப் பற்றி எனக்கே தெரியாத வரலாறு. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் அதில் ஒரு வரிகூட இல்லை. ‘அகதி அனுபவம்’ என்ற தலைப்பின் கீழ் அது வராது என்று என் கை தானாகவே நின்றிருக்கிறது!

மூன்றாம் நாள் பெண்கள் கோலமாவால் தரையில் அவரவர் வீட்டுப் படத்தைப் போட்டார்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே, கிணறு எங்கே என்று ஒரே சத்தம். மன்னார்க்காரர் ஒருவர் பெரிய வளவு போட்டார். மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்த பெண் ஒருவர் ஒரேயொரு கட்டம் போட்டுவிட்டு, “இது லயத்துக் காம்பிரா. எங்களுக்குக் கிணறு இல்ல, பீலிதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண் ஒருவர் போட்டிருந்த கிணற்றைக் காட்டி, பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, “அதில நாங்க அள்ளேலாது” என்றார். சிரிப்பு நின்றது. யாழ்ப்பாணத்தில் கிணற்றில் யார் அள்ளலாம், யார் வாளியில் ஊற்றிக் கொடுக்கும்வரை காத்து நிற்க வேண்டும் என்கிற வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பேனாவை எடுத்து, “யாரு அள்ளக் கூடாதுன்னாங்க?” என்று கேட்டேன்.

“விடுங்கோ தம்பி.”

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பேனாவைப் பார்த்துச் சொன்னார். அவர்களுக்குள் பேச வேண்டியதை அவர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். கேள்வி கேட்டு அதைக் கெடுத்தவன் நான்.

5

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அம்மாவின் விஷயத்தை இனித்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் அவர் கதைத்தார். நான் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லப்போக, அதற்குப் பதிலாக அவர் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மூன்று பிள்ளைகள். மூத்தவன் படகில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு எழுதிக்கொண்டேன். பட்டறை முடிந்ததும் பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை தர வேண்டும். என் குறிப்புகளிலிருந்து நாலு ‘கதைகளை’ எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். கீழே ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. பெயரைத்தான் மாற்றியிருந்தேன். ஊர் இருந்தது, வந்த மாதம் இருந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை இருந்தது. ஒரு முகாமில் இந்த மூன்றும் போதும்.

மண்டபத்தில் அவர் பதிந்தது இரண்டு பிள்ளைகள் என்று.

அந்தப் புத்தகம் முகாமுக்குப் போய், செக்கிங் வரிசையில் யாரோ யாருக்கோ வாசித்துக் காட்ட, மூன்றாவது பிள்ளை எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வி வந்துவிட்டது. மறுபடி ஒரு மேசை, மறுபடி ஒரு விளக்கம். கடைசியில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். ஆகியிருந்தால்? இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா பஸ் பிடித்து அண்ணனூருக்கு வந்தார். டீ குடித்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போகும்போது, “அந்தக் கொப்பியைத் தாங்கோ” என்றார். கொடுத்துவிட்டேன். அச்சானதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பட்டறை என்ற சொல்லின் முழு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கச்சாப் பொருள் யாருடையது, கடைந்தெடுத்த சரக்கு யாருடையது, பில் யார் பெயரில் போகிறது? லேத் பட்டறையில் இதற்கெல்லாம் பதில் உண்டு. கலைப் பட்டறையில் இல்லை.

அப்படியானால் பட்டறையே வேண்டாமா என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கோலமாவைச் சுற்றி உட்கார்ந்த அந்த அரை மணி நேரம் வேறெங்கும் நடந்திருக்காது. முகாமில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். பேசினால் பக்கத்தில் கேட்கும். முகாமுக்கு வெளியே, கண்காணிப்புக்கு வெளியே, ஒரு பாயும் டீயும் ஐந்து நாளும் கிடைப்பதே பெரிய விஷயம். அதைக் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் நமக்கு மனசு வருவதில்லை. அறிக்கை வேண்டும், நிகழ்ச்சி வேண்டும், போட்டோ வேண்டும். கதை வெளியே வந்தால்தான் பட்டறை வெற்றி என்று நினைக்கிறோம். பொய் சொல்லவும், பாதியில் நிறுத்தவும், சம்பந்தமில்லாமல் கோழியைப் பற்றிப் பேசவும் உரிமை இல்லாத இடத்தில் சொல்லப்படுவது வாக்குமூலம்தான். அதற்கு மேளம் அடித்துப் பாட்டுக் கட்டினாலும் வாக்குமூலம் வாக்குமூலமே.

நாம் கேட்காமலே அவர்கள் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். 1986இலேயே யாழ்ப்பாணப் பெண்கள் தங்கள் கவிதைத் தொகுப்புக்குச் ‘சொல்லாத சேதிகள்’ என்று பெயர் வைத்தார்கள். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரெஞ்சு அரசுக்கு எழுதுகிற அகதி விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்பம் கேட்கிற அளவுக்குள் ஒரு வாழ்க்கை அடங்க மறுப்பதிலிருந்து அந்த நாவல் பிறக்கிறது. தமிழக முகாம்களிலேயே வாழ்ந்த தொ. பத்திநாதன் 2007இல் ‘போரின் மறுபக்கம்’ எழுதினார். செக்கிங்கும் கூலி வேலையும் அவமானமுமாகத் தமிழ்நாடு எப்படி இருந்தது என்பதை நம் முகத்துக்கு நேரே சொன்ன புத்தகம் அது. எந்தப் பட்டறையும் அதை எழுதவைக்கவில்லை. தன் கதையைத் தானே வைத்துக்கொண்டு, தானே நேரம் பார்த்து, தன் பெயரைப் போட்டு வெளியிட்டார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளிப்பதிவில் 34,087 பேர். அந்த மாதமே ‘அகதிகள் முகாம்’ என்கிற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. புது வீடுகளும் அறிவித்தார்கள். நல்லது. தங்களை அகதி என்று அழைப்பது தங்களுக்குப் பிடிக்காது என்று ஹன்னா ஆரன்ட் 1943இலேயே எழுதியிருக்கிறார். பெயர் மாறுகிறபோதே கேள்விகளும் மாற வேண்டும். முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பி.இ. முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறவனிடம் ‘படகில் எப்படி வந்தாய்’ என்று கேட்பது அவனை ஒருபோதும் வந்து இறங்காத படகிலேயே உட்கார வைப்பதாகும்.

2022இல் அப்படி ஒரு இளைஞன் என்னைத் தேடி வந்தான். 2010இல் ஹெலிகாப்டர் போடணுமா என்று கேட்டானே, அவனுடைய அண்ணன். செல்போனில் படம் எடுக்கிறானாம், நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பேச இடம் வேண்டுமாம். ட்யூஷன் சென்டர் மாடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். எதைப் பற்றிப் படம் என்றேன். “அது இன்னும் முடிவு பண்ணல சார்” என்றான். நான் வந்து ஏதாவது உதவி செய்யவா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நோட்டு மட்டும் எடுத்துட்டு வராதீங்க சார்” என்று சிரித்தான். அந்த அம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது.

சாவியை வாங்கிக் கொடுத்தேன். டீக்குச் சொல்லிவிட்டு நான் கீழேயே இருந்துகொண்டேன்.